அப்பாவின் பெயருக்கு நேரே ஒரு சரி

தம்பி,

இங்கே நான் சுகம், அங்கே நீங்கள் மூவரும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. ஆனால் அங்கே சுகமில்லை என்பது நேற்றுப் பின்னேரம் தெரிந்துவிட்டது. நீ வேலைக்குக் கிளம்பிய கையோடு சுபா எனக்குப் போன் எடுத்தாள். எப்போதும் சிரித்துப் பேசுகிற பிள்ளை, நேற்று அழுதாள். "மாமி, ஸ்கூல்ல இருந்து மூணாவது தடவையா லெட்டர் வந்திருச்சு. பிள்ளைக்கு ஒரு ஊசிகூட போடாம இருக்கீங்களேன்னு கேக்குறாங்க. இந்தப் பக்கமெல்லாம் சின்னமுத்து, அதான் மீசல்ஸ், பரவுதாம். இவர் பேச்சையே எடுக்க விடமாட்டேங்கிறார். எங்க அப்பாவை நான்தான் ஊசியப் போட வச்சுக் கொன்னேன், எம் பிள்ளையையும் கொல்லணுமான்னு கத்துறார்" என்றாள். நான் ஏதோ சமாதானம் சொல்லி வைத்துவிட்டேன். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணீர் ஆறிப் போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நீ அந்த வார்த்தையைச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். என்னிடமே இரண்டு தடவை சொல்லியிருக்கிறாய். இரண்டு தடவையும் நான் "அப்படிச் சொல்லாதே ராசா" என்றேனே தவிர, ஏன் சொல்லக்கூடாது என்பதைச் சொல்லவில்லை. போனில் சொல்லத் தொடங்கினால் நீ "விடுங்கம்மா" என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நான் உறையில் போட்டு ஒட்டப் போவதில்லை. இந்த இல்லத்தில் எங்களைப் பார்த்துக்கொள்ளும் பரீதா படம் பிடித்து உனக்கு அனுப்புவாள். அவளும் படிப்பாள், சுபாவும் படிப்பாள், படிக்கட்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் பக்கம் பக்கமாக எழுதி விஷயத்துக்கே வராமல் முடித்துவிடுவேன். அப்பாவுக்கு ஊசி போடவில்லை. போட்டதாக நான் உன்னிடம் சொன்னது பொய்.

எப்படி என்று கேட்பாய். ஒரு சொல்லால்தான். அதைப் புரிந்துகொள்ள நீ கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் கல்யாணம் முடித்துப் பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து கண்டி டவுனுக்கு வந்தபோது எனக்குச் சிங்களத்தில் ஒரு வார்த்தை தெரியாது. வந்த இரண்டாம் மாதமே புடவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி வாசலில் நின்றுகொண்டு போகிற வருகிற சிங்களப் பெண்களைப் பார்த்து "என்ன, என்ன" என்று கூப்பிடுவார். அவர்கள் மொழியில் அதற்கு 'வாருங்கள்' என்று அர்த்தம். நானோ, இந்த மனுஷன் வருகிற வாடிக்கைக்காரர்களை எல்லாம் என்ன என்னவென்று அதட்டுகிறாரே, கடை எப்படி உருப்படும் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால், மனுஷன் சோற்றுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த ஒரு மாதத்துக்கு, நான் குசினியிலிருந்து கூப்பிட்டால்கூட "என்ன" என்று கேட்டுவிட்டு, "இது எந்த என்ன?" என்பார். மாநகர சபையில் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை அவருக்கு. வீடு வீடாக ஏறி இறங்கி அவர் பேசிய சிங்களத்தைக் கேட்டால் சிங்களவர்களே அசந்து போவார்கள். எனக்கும் அவர்தான் சொல்லித் தந்தார்.

அந்தச் சிங்களம்தான் அவரைவிட்டு முதலில் போனது. மறதி வரும்போது கடைசியாகப் படித்தது முதலில் போகும் என்று டாக்டர் சொன்னார். நீ எங்களை இந்தப் பிலிமத்தலாவைப் பக்கத்து முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனபோது அவருக்கு என் பெயர் ஞாபகம் இருந்தது, உன் பெயர் ஞாபகம் இருந்தது, ஆனால் தேத்தண்ணீர் கொண்டுவருகிற பெண் சிங்களத்தில் ஏதாவது கேட்டால் என் முகத்தைப் பார்ப்பார். காதும் மந்தம். யார் எதைக் கேட்டாலும் முதலில் "என்னத்த?" என்பார், பிறகு தலையாட்டுவார். தலையாட்டினால் கேட்டவர்கள் போய்விடுவார்கள் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. உன்னை இதற்காகக் குறை சொல்லவில்லை. இங்கே சேர்ந்தது நானும் சம்மதித்துத்தான்.

கொரோனா காலத்தில் கேற்றைப் பூட்டினார்கள். பார்க்க வருகிறவர்கள் ரோட்டில் நின்று கையாட்டிவிட்டுப் போனார்கள். அப்போது நீ ஒரு நாளைக்கு இரண்டு தடவை எடுப்பாய், எடுத்தவுடனே "ஊசி வந்திருச்சாம்மா?" என்பாய். ஊசி வந்த முதல் கிழமை இல்லத்திலிருந்து நடக்கக்கூடிய சிலரை மட்டும் வேனில் ஏற்றிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டார்கள், அத்தோடு ஊசி முடிந்துவிட்டது. மிச்சப் பேருக்குப் போட அடுத்த கிழமை இங்கேயே வந்தார்கள். டீவி இருக்கிற ஹாலில் கதிரைகளை வரிசையாகப் போட்டு எங்களை உட்கார வைத்தார்கள். பரீதா வந்து என் தோளைத் தொட்டு, "அம்மா, பயப்பட வாணாம். அலவத்துகொடையில எங்கட உம்மாக்கும் போட்டது தானே. ஒரு நாள் மேல் வலிச்சது, அவ்வளவுதான்" என்றாள். எனக்கு முதலில் போட்டார்கள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை. அப்பா பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து என் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன வயது மிஸ் வரிசையாக வந்தாள். போன கிழமை யார் யாருக்குப் போட்டது, யாருக்குப் போடவில்லை என்று பிரித்துக்கொண்டு வந்தாள். சிங்களத்தில் தடுப்பூசிக்கு 'என்னத' என்று பெயர். நம் ஆட்கள் பேச்சில் சொல்கிற 'என்னத்த'வுக்கும் அதற்கும் நடுவில் ஒரு 'த்'தான் வித்தியாசம். வாயில் முகமூடி போட்டுக்கொண்டால் அந்தத் 'த்'தும் இல்லை. அவள் குனிந்து, "சீயா, என்னத கஹகத்தத?" என்றாள். தாத்தா, ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று கேட்கிறாள். அப்பா, "என்னத்த?" என்றார். "ஆ, என்னத" என்றாள் அவள். "என்னத்த, என்னத்த" என்று அப்பா தலையாட்டினார். "ஹொந்தய், ஹொந்தய்" என்று, நல்லது நல்லது என்று, அவர் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டுவிட்டு அடுத்த கதிரைக்குப் போனாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தம்பி. முகமூடிக்குள்ளே தனியாகச் சிரித்தேன். உனக்குச் சொன்னால் எப்படிச் சிரிப்பாய் என்றுகூட நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அந்தச் சரி போட்டதால் அவருக்கு ஊசி இல்லை என்று. "மிஸ்" என்று கூப்பிட்டேன். அவள் திரும்பி, "மொகத அம்மே?" என்று, என்னம்மா என்று, மரியாதையாகத்தான் கேட்டாள். அந்த இரண்டு சொல்லும் தெரிந்து அவர் பக்கத்தில் இருந்த ஆள் அந்த ஹாலில் நான் ஒருத்திதான். ஒரே ஒரு வரி சொன்னால் போதும். நான், "வத்துர டிக்கக்" என்றேன். கொஞ்சம் தண்ணீர் கேட்டேன். அவள் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று இத்தனை வருடமாக என்னை நானே கேட்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு பதில் வருகிறது. பயம் என்று ஒரு நாள் தோன்றும். உனக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்ட அன்று காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, உன்னைத் தூக்கிக்கொண்டு நான் செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காய்ச்சலால் வந்தது, இனி வராது, பயப்படத் தேவையில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. அடுத்த ஊசிக்கு மருத்துவிச்சி மிஸ் வீடு தேடி வந்தபோது உன்னை அலுமாரிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, பிள்ளை தோட்டத்தில் என் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறான் என்று பொய் சொன்னேன். உன் அப்பாவுக்கு அது தெரியவந்தபோது என்னோடு சண்டை போடவில்லை. அடுத்த நாள் வேலைக்கு லீவு போட்டார், உன்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். உன் கையில் பஞ்சும் வாயில் டொபியும் இருந்தன. உனக்கு எல்லா ஊசியும் போட்டது அந்த மனுஷன். அவருக்குப் போட வேண்டிய ஒன்றை நான் தடுத்தேன்.

பயம் மட்டும்தான் என்று சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை. எனக்குப் போட்டுக்கொள்ளப் பயம் இருக்கவில்லையே. பக்கத்து அறையில் யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் இருந்தார். "ஓம், நான் போடமாட்டன். எண்பது வயசுக்கு மேலை ஏன் எங்களை வச்சுப் பரிசோதிக்கினம்?" என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் படித்தவர், அவரே சொல்கிறாரே என்று ஒரு பக்கம். நீ அங்கிருந்து போடுங்கள் போடுங்கள் என்று ஒரு பக்கம். யார் பேச்சைக் கேட்டாலும் ஏதாவது நடந்தால் பழி என் தலையில் விழும். அந்த நேரம் பார்த்து ஒரு சரி விழுந்தது, அதை நான் போடவில்லை, அந்த மிஸ் போட்டாள். முடிவெடுக்கிற பாரம் என் கையைவிட்டுப் போனதில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அன்றைக்கே நீ எடுத்தாய். "அப்பாவுக்குப் போட்டாச்சாம்மா?" என்றாய். போட்டாச்சு என்றேன். அங்கே நீ கைதட்டினாய். கார்டைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னாய். என் கார்டை எடுத்து, பெயர் எழுதிய இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு படம் பிடித்து அனுப்பினேன். அம்மாவுக்கு போனில் படம் பிடிக்கத் தெரியவில்லை, விரலும் சேர்ந்து விழுந்திருக்கிறது என்று நீ கேலி செய்தாய். அடுத்த ஊசிக்கு நாலு கிழமையில் வருவார்கள், அப்போது மிஸ்ஸிடம் உண்மையைச் சொல்லிப் போட்டுவிடலாம், உனக்குத் தெரியவே வேண்டாம் என்று கணக்குப் போட்டு வைத்தேன். அந்த நாலு கிழமை எனக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் கிழமை இல்லத்துக்குள் நோய் வந்தது. யாரால் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தேன். டீச்சருக்கும் வந்தது, ஊசியே போடாதவர், இருமிக்கொண்டே எழுந்து நடமாடினார். அப்பாவுக்கு மட்டும் மூச்சு இழுத்தது. அம்புலன்ஸ் வந்தபோது பரீதா தலையிலிருந்து கால்வரை பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவருடைய சாரத்தையும் ஸ்வெட்டரையும் மடித்துப் பையில் வைத்தாள். "அழ வாணாம் அம்மா. ஊசி போட்ட ஆள் தானே, லேசாப் போயிரும்" என்றாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் போன் எடுத்து, இவர் ஊசி போட்டவரா என்று கேட்டார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். "பட்டியல்ல போட்டதாத்தான் இருக்கு" என்றேன். நான் சொன்னதில் பொய் இல்லை, அப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஐந்தாம் நாள் போய்விட்டார். என்னைப் போக விடவில்லை. நீ போனில் பார்த்த அந்த மூடிய பெட்டியை நானும் போனில்தான் பார்த்தேன்.

ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா? எனக்குத் தெரியாது, தம்பி. டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு ஏதாவது செய்திருப்பாரா? அதுவும் தெரியாது. மாதம் ஒருமுறை இங்கே வருகிற பெண் டாக்டரிடம், யாரோ எனக்குத் தெரிந்தவருக்கு நடந்த மாதிரி இதைக் கேட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "போட்டிருந்தா தப்பிக்கிற வாய்ப்பு அதிகமா இருந்திருக்கும். தப்பியிருப்பார்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா போடாததால நல்லதுன்னு ஒண்ணும் நடக்கல்ல" என்றாள். டீச்சர் எப்படித் தப்பினார் என்று கேட்டேன். சிலர் தப்புவார்கள் என்றாள். நான் இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்தால் தலை சுற்றுகிறது. ஒரு நாள் நான்தான் கொன்றேன் என்று தோன்றும். ஒரு நாள் எண்பத்திரண்டு வயது, அவருடைய காலம் என்று தோன்றும். இரண்டுமே முழுதாக ஒட்டமாட்டேன் என்கிறது.

ஆனால் இந்தக் குழப்பத்தில் உனக்குப் பங்கில்லை. அது மட்டும் எனக்கு வெளிச்சமாகத் தெரிகிறது. நீ அந்தக் கார்டிலிருந்த ஊசி மருந்தின் இலக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, அந்த இலக்கத்து ஊசியால் யார் யாருக்கு என்ன ஆனது என்று இன்டர்நெட்டில் தேடிக்கொண்டே இருக்கிறாய் என்று சுபா சொன்னாள். இன்னும் தேடுகிறாயாம். அந்த இலக்கத்து ஊசி ஏறியது என் கையில். அதைப் போட்டுக்கொண்டவள் எண்பதை நெருங்கிக்கொண்டு, இரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடி, முழங்கால் வலியோடு, மூக்குக் கண்ணாடி நழுவ நழுவ இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். நீ "போடுங்க" என்று சொன்னது சரி. உன் பேச்சைக் கேட்காமல் விட்டது நான். செய்யாத கொலையை உன் தலையில் ஏற்றிவைத்துவிட்டு, பெற்றவள் நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நீ அழுதபோதெல்லாம் உன்னைத் தேற்றுகிற மாதிரி நடித்திருக்கிறேன்.

இன்று காலையில் முதல் வேலையாக மேட்ரனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் அலுமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்து அப்பாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தார். "இப்ப மாத்தி என்னம்மா ஆகப் போகுது?" என்றார். என் மகனுக்கு ஆகும் என்றேன். அந்தச் சரியை வெட்டி, போடவில்லை என்று எழுதி, பக்கத்தில் என்னையும் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். பரீதா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "லேசாப் போயிரும்னு நான் வேற உங்களுக்குச் சென்னேனே அம்மா. அதைக் கேட்டுட்டு எப்படித்தான் இருந்தீங்க?" என்றாள். இருந்தேன் என்பதுதான் பதில். அந்தப் பக்கத்தையும் இந்தக் கடிதத்தோடு படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை என் விரல் விழாது, அவள்தான் பிடிக்கிறாள்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். அப்பாவைப் பற்றி உன்னிடம் பொய் சொன்னவளை, அந்தப் பொய்யால் இத்தனை வருடம் உன்னை வதைத்தவளை, உடனே மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு முகமில்லை. உன் மகள் அப்பா போன பிறகு பிறந்த பிள்ளை, இன்னும் நான் தூக்கிப் பார்க்காத பிள்ளை. என் கோழைத்தனம் கடல் தாண்டிப் போய் அவள் மேல் உட்கார்ந்திருக்கிறது. உன் மன்னிப்பு எனக்கு வேண்டுமா, அவளுக்கு ஊசி வேண்டுமா என்று கேட்டால், ஊசிதான் வேண்டும். நாளைக்கே சுபாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் போட்டுவிடு. போட்டுவிட்டு வந்து, என்னோடு பேசாமல் இருப்பதென்றால் இரு.

அம்மா